எங்கள் கோழிகளுக்கு எல்லை வகுத்துத் தந்த தெருவாருக்கு நன்றி

சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் வசிக்கும் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டுத் தோட்டத்தில் வளரும் ஆறு பெட்டைகளும் ஒரு சேவலும் மூன்று மாதங்களாக யாருடைய வாசலிலும் எச்சமிடவில்லை என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். இதற்காக நான் பட்டிருக்கும் கடனை ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லிவிட்டேன் என்றாலும், எல்லோரும் அறிய எழுதுவதே முறை என்று தோன்றியது.

முதல் நன்றி, எங்கள் மீது குறை சொல்லிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு அண்ணிக்கு. இலவம்பாடியிலிருந்து நாற்று வாங்கி வந்து அவர் ஆசையாக நட்டிருந்த முள்ளு கத்தரிப் பாத்தியை எங்கள் கோழிகள் ஒரே காலையில் கிளறி வேரை வெளியே போட்டுவிட்டன. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கத்தரி. போனால் போகட்டும் என்று சொல்லிவிடக்கூடிய செடியா அது? ஆனால் அண்ணி சண்டை பிடிக்கவில்லை. "உங்க பக்கம் ஒரு பொட்டு நிழல் இல்ல. அதுங்க எங்க வாழையடிக்கு வராம இன்னா பண்ணும்?" என்று மட்டும் கேட்டார்.

அதுவரை நான் வேலியின் உயரத்தைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். நாற்பது டிகிரியைத் தாண்டும் நம் ஊர் வெயிலில் கோழி இரையைத் தேடி மட்டும் எல்லை தாண்டுவதில்லை, ஒதுங்க நிழலும் புரளப் பொடிமண்ணும் தேடித்தான் போகிறது என்பது அந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு விளங்கியது. அண்ணியே கொடுத்த இரண்டு பழைய சேலைகளை முருங்கை மரத்துக்கும் சுவருக்கும் இடையே பந்தலாகக் கட்டி, உடைந்த அன்னக்கூடை ஒன்றில் மணலும் சலித்த சாம்பலும் கலந்து வைத்தேன். செலவு ஒரு காசும் இல்லை. ஊர்சுற்றல் அந்த வாரமே பாதியாகக் குறைந்தது.

மீதிப் பாதிக்கு வேலி தேவைப்பட்டது. கையில் இருந்ததோ இரண்டாயிரம் ரூபாய். தோட்டம் முழுவதையும் இரும்புக் கம்பி வலையால் அடைக்க அதைப்போல் நான்கு மடங்கு ஆகும் என்று கடையில் சொன்னதால், நைலான் வலை வாங்கினேன். சாரம் கட்டி மிஞ்சிய சவுக்குக் கழிகளைக் கடைசி வீட்டு மேஸ்திரி தம்பி கொடுத்தார். ஆறடி உயரத்தில் வலை கட்டி, அழகாக இருக்கட்டுமே என்று மேலே நெடுக ஒரு மூங்கிலையும் வைத்தேன். மறுநாள் காலையில் அந்த மூங்கிலின் மேல் நான்கு கோழிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன!

கம்மவான்பேட்டையிலிருந்து வந்து நம் தெருவில் குடியேறியிருக்கும் முன்னாள் ராணுவ வீரர் ஐயா, நாற்காலி போட்டு அரைமணி நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கோழிகள் வேலியை ஒரே மூச்சில் தாண்டுவதில்லை, மேலே கால் வைக்க இடம் இருப்பதைக் கண்டு அதில் ஏறி அமர்ந்து பிறகுதான் அந்தப் பக்கம் இறங்குகின்றன என்று சொன்னார். மூங்கிலை எடுத்துவிட்டு வலையின் மேல் விளிம்பைத் தளர்வாகத் தொங்கவிட்டோம். ஏற முயன்ற சேவல், வலை ஆடியதும் விழுந்து எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் நடந்து போயிற்று.

கறுப்புப் பெட்டையும் செம்பெட்டையும் மட்டும் அதற்கும் அடங்கவில்லை. எதிர்வீட்டு ஆயா இரண்டையும் மடியில் அமுக்கி, ஒரு பக்கத்து இறக்கையை விரித்து வெயிலுக்கு நேராகப் பிடித்து, அடித்தண்டில் இரத்தம் ஓடும் இளம் இறகு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே, ஓரத்து நீண்ட இறகுகளைக் கத்தரித்தார். இரண்டு பக்கமும் வெட்டினால் சமநிலை கெடாது என்பதால் கோழி முக்கித் தக்கிப் பறந்துவிடும், ஒரு பக்கம் மட்டும் வெட்டினால்தான் சாய்ந்து இறங்கும் என்பது அவர் கணக்கு. இறகு உதிர்த்து மறுபடி முளைக்கும்போது திரும்பவும் பார்க்க வேண்டுமாம். நாய் துரத்தினால் தப்பிக்க வேண்டுமே என்பதால் மற்றவற்றின் இறக்கைகளைத் தொடவில்லை.

நைலான் வலை கோழியை உள்ளே வைக்குமே தவிர, கீரியை வெளியே நிறுத்தாது. ஆகவே மிஞ்சிய பணம் முழுவதையும் இராக்கூண்டுக்கு இரும்பு வலை வாங்கச் செலவிட்டேன். சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் அது ஒன்றுதான். அடைத்து வளர்க்கும்போது எச்சத்தின் ஈரம் தேங்கி நோய் வரும் என்பதால், செக்குக்காரர் இலவசமாகத் தந்த வேர்க்கடலைத் தோலைக் கூண்டில் பரப்பியிருக்கிறேன். வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டுத்தந்த கால்நடை மருந்தகத்தாருக்கும் நன்றி.

இன்னும் ஓர் உதவி கேட்க வேண்டியிருக்கிறது. கறுப்புப் பெட்டை அடையில் உட்கார்ந்து இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. இருபத்தோராம் நாள் குஞ்சுகள் வந்துவிடும். எங்கள் வலைக்கண்ணுக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழையும், குஞ்சு அதைவிடத் தாராளமாக நுழையும். யார் வீட்டிலாவது கிழிந்த கொசுவலை இருந்தால் எறிந்துவிடாமல் சொல்லியனுப்புங்கள், அடியில் ஓரடி உயரத்துக்குச் சுற்றிக் கட்டிவிடுகிறேன். அண்ணி மறுபடியும் கத்தரி நட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
முருங்கை மரத்து வீட்டுக்காரி
சத்துவாச்சாரி, வேலூர்