மாநில நீதிமன்றத் தீர்ப்புகளுக்கும் இடம் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தங்கள் நாளிதழ் தவறாமல் வெளியிட்டு வருகிறது. ஆனால், இங்கு வாழ்பவர்களின் வாடகைத் தகராறு, விபத்து இழப்பீடு, உயில், மணமுறிவு போன்ற வழக்குகள் வாஷிங்டன்வரை போவது மிக அரிது. இந்தியாவில் எந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் டெல்லிவரை கொண்டுபோக வழியிருப்பதால், இங்கும் அப்படித்தான் என்று வாசகர்கள் எண்ணக்கூடும். அமெரிக்காவிலோ, ஒரு மாநிலத்தின் சட்டத்துக்கு அம்மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் சொல்லும் பொருளே முடிவானது. மத்திய சட்டமோ நாட்டின் அரசமைப்போ குறுக்கிட்டாலொழிய உச்ச நீதிமன்றம் அதில் தலையிட முடியாது.

நான் வசிக்கும் நியூ ஜெர்சியில், வாடகை வழக்கு நடத்துவோர் வாயில் 'மரினி விசாரணை' என்ற சொல் அடிபடும்; வீட்டிலுள்ள பழுதைக் காட்டி வாடகையை நிறுத்தியவரின் வழக்கில் நடக்கும் விசாரணை அது. ஒரு கழிப்பறைப் பழுதில் தொடங்கிய கதை அது. 1969 ஜூனில், வாடகை வீடொன்றில் கழிப்பறைக் கோப்பை விரிசல்விட்டுத் தண்ணீர் ஒழுகியது. வீட்டுக்காரரிடம் தெரிவிக்கப் பலமுறை முயன்றும் முடியாமல், குடியிருந்த பெண்மணி தாமே பிளம்பரை வைத்துச் சரிசெய்து 85 டாலர் 72 சென்ட் கொடுத்தார். 95 டாலர் மாத வாடகையில் அதைக் கழித்துக்கொண்டார். மரினி என்ற அந்த வீட்டுக்காரர் காலிசெய்யக் கோரி வழக்குத் தொடுத்தார். 1970இல் மாநில உச்ச நீதிமன்றம், வீடு குடியிருக்கத் தகுந்த நிலையில் இருக்கும் என்ற உறுதி ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டாலும் அதில் அடங்கியதே என்றும், தெரிவித்தும் வீட்டுக்காரர் கவனிக்காத, அல்லது தெரிவிக்க முயன்றும் முடியாமற்போன இன்றியமையாப் பழுதைக் குடியிருப்பவர் சரிசெய்து வாடகையில் கழிக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது.

அரை நூற்றாண்டு கடந்தும் அத்தீர்ப்பு வழக்கறிஞரின் மேசைமீதுதான் இருக்கிறது. வாடகை பாக்கி என்று நோட்டீஸ் வந்தவுடன் அவர் கேட்பது, பழுதை வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவித்தீர்களா, படம் எடுத்தீர்களா, பில் இருக்கிறதா என்பதையே. நிறுத்திவைத்த வாடகையைச் செலவழித்துவிடாதீர்கள் என்றும் கையோடு எச்சரிப்பார். ஏனெனில் அதை நீதிமன்றத்தில் கட்டச் சொல்லிவிட்டே நீதிபதிகள் பெரும்பாலும் விசாரணையைத் தொடங்குவார்கள். பெரிய அரசமைப்பு வழக்கு எதுவும் ஒரு சாதாரணக் குடித்தனக்காரரை இவ்வளவு நெருங்கித் தொட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

மாநில எல்லையைத் தாண்டினால் ஆலோசனையே தலைகீழாகிவிடும். சாலை விபத்தில் அடிபட்டவர்மீதும் ஓரளவு தவறு இருந்தால், கலிஃபோர்னியாவில் அந்த அளவுக்கு மட்டுமே இழப்பீடு குறையும். 1975இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் பழைய விதியைக் கைவிட்டதன் பயன் இது. வர்ஜீனியாவிலும் மேரிலாண்டிலும் அந்தப் பழைய விதி இன்றும் உயிரோடிருப்பதால், விபத்துக்குக் காரணமான சிறு தவறு அடிபட்டவரிடம் இருந்தாலும் பொதுவாக ஒரு டாலரும் கிடைக்காது. மேரிலாண்டின் தலைமை நீதிமன்றம் 2013இல் இவ்விதியை மாற்ற மறுத்து, அப்பொறுப்பைச் சட்டமன்றத்திடம் விட்டது. நீதிமன்றமே ஏற்படுத்திய விதியைத் திருத்த அதற்கு ஏன் இந்தத் தயக்கம் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆகவே, இத்தகைய தீர்ப்புகளுக்கும் தங்கள் நாளிதழில் இடமளிக்க வேண்டும். 'அமெரிக்க நீதிமன்றம் அதிரடி' என்று தலைப்பிடும்போது, எந்த மாநிலத்தின் எந்த நீதிமன்றம் என்பதையேனும் முதல் வரியில் குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
எடிசன், நியூ ஜெர்சி