திரையில் எல்லாம் சரி, வயலில் பாதி வெறுமை: விதைக்கருவி பற்றிய புகார்

அனுப்புநர்: பிராண்டன் அருகே, மனிடோபா, கனடா
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
நாள்: ஜூன் 9, 2025

பொருள்: 24 வரிசைத் துல்லிய விதைக்கருவி கனோலா எண்ணெய்வித்தைச் சீராக விதைக்காதது

மேலாளர் அவர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் மூன்று மின்னஞ்சல் எழுதிவிட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: "உங்கள் விதைக்கருவித் திரையின் பதிவைப் பார்த்தோம், விதை எண்ணிக்கை சரியாக இருக்கிறது." கருவியை எனக்கு விற்ற உங்கள் பிரதிநிதி தமிழர். அவர் இதை உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன். கோபத்தைச் சொல்லவும் எனக்கு இதுதான் வசதி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இதே கருவி சோயாவை அழகாக விதைத்தது. வரிசை விட்டு வரிசை தூக்கி, 30 அங்குல இடைவெளியில் விதைத்த மக்காச்சோளமும் நூல் பிடித்தாற்போல் நிற்கிறது. கோதுமை பற்றி நான் பேசவே இல்லை. சதுர அடிக்கு முப்பது விதை போட வேண்டிய பயிரை ஒவ்வொன்றாக எண்ணிப் போடுவதில் பொருளில்லை. உங்கள் விளம்பரத் தாளில் அதன் படத்தைப் போட்டது உங்கள் ஆசை. என் வழக்கு கனோலாவோடு மட்டும்.

முன்பு, எண்ணாமல் விதையைக் காற்றால் ஊதி விதைக்கும் காற்றுக் கருவியில் ஏக்கருக்கு 5 இறாத்தல் விதைத்துக்கொண்டிருந்தேன். "இதில் 4 கூட வேண்டாம், ஒவ்வொரு விதையும் தன் இடத்தில் விழும்" என்றார் பிரதிநிதி. நம்பி, மே 14 அன்று 160 ஏக்கரில், சதுர அடிக்கு 8 விதை என்று வைத்து ஓட்டினேன். 15 அங்குல வரிசையில் அது அடிக்கு 10 விதை; ஏழெட்டுச் செடியாவது முளைக்க வேண்டும். மே 27 அன்று அளவுநாடாவோடு போனேன். ஓரிடத்தில் இரண்டு அங்குலத்துக்குள் ஐந்து செடி, ஒன்றோடொன்று நெரித்துக்கொண்டு. அதை அடுத்து ஒன்பது அங்குலம் வெறும் மண். தோண்டிப் பார்த்தேன், அழுகிய விதைகூட இல்லை. அங்கே எதுவும் விழவே இல்லை.

சந்தேகம் தீர, ஒரு வரிசையின் மீட்டரை, அதாவது விதையை எண்ணிப் போடும் பாகத்தை, கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். அதற்குள் இருக்கும் துளைத் தட்டில், துளைக்கு ஒரு விதை ஒட்ட வேண்டும். உறிஞ்சு காற்றைக் கொடுத்து மகன் தட்டை மெதுவாகச் சுழற்ற, நான் எண்ணினேன். 100 துளை கடந்தபோது 63இல் ஒரு விதை, 19இல் இரண்டு, 18 துளை காலி. கூட்டிப் பாருங்கள்: 101 விதை. உங்கள் திரை சொன்னது பொய்யில்லை, எண்ணிக்கை சரிதான். ஒரு பிள்ளைக்கு இரண்டு தட்டுச் சோறு வைத்து, இன்னொன்றைப் பட்டினி போட்டுவிட்டு, பந்தி நிறைந்தது என்ற கணக்கு இது.

காலித் துளைகளை ஊசியால் குத்தினேன். விதைநேர்த்தி மருந்தின் நீலத் தூள் உள்ளே கெட்டியாக அடைத்திருந்தது. நீங்கள் சொன்ன அளவில் டால்க், கிராஃபைட் தூள் கலந்துதான் விதைத்தேன். இவ்வளவு சிறிய துளைக்கு அது போதாது என்றால், விற்கும்போதே சொல்லியிருக்கலாம்.

நாற்றின் இலையைத் துளைத்துத் தின்னும் தெள்ளுவண்டு இந்த வருடமும் வந்தது. நெருங்கி நின்றால் சேதம் பகிர்ந்துவிடும். தனியாக நின்ற நாற்றுகள் இரண்டே நாளில் சல்லடையாகின. தப்பியவை கிளைத்து இடத்தை நிரப்பும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கிளைகள் பிந்திக் காய்க்கும். அறுவடையில் பச்சை விதை கலந்தால் தரம் குறைப்பார்கள். மிக மோசமான 45 ஏக்கரை ஜூன் 3 அன்று பக்கத்துப் பண்ணையின் காற்றுக் கருவியால் மறுபடி விதைத்தேன். செப்டம்பர் உறைபனிக்கு முன் அது முற்றுமா என்பது வானத்தின் கையில்.

உங்களிடம் கேட்பது இது: தொழில்நுட்பர் ஒருவர் நேரில் வந்து இதே மீட்டரை என் முன்னால் சுழற்றி எண்ண வேண்டும். கனோலாத் தட்டுகள் 24ஐயும், இரட்டை விதையைத் தட்டிவிடும் பாகங்களையும் மாற்றித் தர வேண்டும். மறுவிதைப்புக்கு வாங்கிய விதையின் விலையையும் கருவி வாடகையையும் ஈடு செய்ய வேண்டும். ரசீதுகளும், அளவுநாடா வைத்து எடுத்த படங்களும் இணைத்திருக்கிறேன்.

ஜூன் 20க்குள் பதில் தேவை. ஆங்கிலத்தில் எழுதினாலும் பரவாயில்லை. திரைப் பதிவை மட்டும் மறுபடி அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்