வெல்டிங் ராடுக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி வேண்டும்

தமிழ்நாடு அரசின் தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறைக்கும், கன்னியாகுமரி மாவட்ட நிர்வாகத்துக்கும், சமுதாயக் கல்லூரிகளுக்கு நிதி ஒதுக்கும் அதிகாரிகளுக்கும்.

வணக்கம்.

டாட்டா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தமிழ்நாடு அரசு நவீனப்படுத்தியிருக்கிறது. 2025 மே மாதம் ஒன்றிய அமைச்சரவை 60,000 கோடி ரூபாயில் ஐ.டி.ஐ. மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இயந்திரங்கள் வரட்டும், மகிழ்ச்சிதான். அந்த இயந்திரத்தில் மாணவன் தினமும் எரிக்கிற, வெட்டுகிற, தேய்க்கிற பொருளுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதைத்தான் இந்த மடலில் கேட்கிறோம்.

வெல்டிங்கையே எடுத்துக்கொள்வோம். 3.15 மி.மீ. தடிமனும் 350 மி.மீ. நீளமும் உள்ள 6013 வகை ராடு (பற்றவைக்கும்போது உருகித் தீரும் பூச்சிட்ட கம்பி), 110 ஆம்பியரில் ஒரு நிமிடம் சொச்சத்தில் எரிந்து தீர்ந்துவிடும். கை நடுங்காமல் ஒரே சீராகக் கோடு போடப் பழகுவதற்கே ஒருவனுக்கு நாளுக்கு 20 ராடு வேண்டும். 20 பேர் உள்ள வகுப்புக்கு 400 ராடு, எடையில் சுமார் 12 கிலோ. அதோடு பிளேட்டும் வேண்டும். 150-க்கு 50 மி.மீ. அளவில் 10 மி.மீ. கனமுள்ள துண்டு ஒன்று ஏறத்தாழ 590 கிராம் இருக்கும். ஒரு மூட்டுக்கு இரண்டு துண்டு. ஆளுக்கு ஒரே ஒரு மூட்டு என்றாலும் நாளுக்கு 23 கிலோவுக்கு மேல் இரும்பு போகும். வளைத்துச் சோதித்த மூட்டு திரும்ப உதவாது, பழைய இரும்புக்குத்தான் போகும்.

ஆர்கான் வாயுவைப் பாய்ச்சிக்கொண்டே பற்றவைக்கும் டிக் வெல்டிங்கின் கணக்கு இதைவிடக் கடுமை. 7 கன மீட்டர் ஆர்கான் சிலிண்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் 700 நிமிடம் வரும். 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 35 நிமிடம். வளைகுடா வேலைக்குப் போக நினைக்கும் நம் பிள்ளைகளிடம் 6ஜி என்ற வெல்டிங் சோதனை கேட்கிறார்கள். 45 டிகிரி சாய்ந்து நிற்கும் குழாயை அசைக்காமல் சுற்றி வந்து பற்றவைக்க வேண்டும். 35 நிமிடத்தில் அது யாருக்கும் வராது.

ராடு குறைந்தால் பயிற்றுநர் ஒருவர் செய்து காட்டுவார், மாணவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு நாலு பேருக்கு ஒரு ராடு. அந்தப் பயிற்சியில் வந்தவன் போடும் மூட்டு மேலே பார்க்க அழகாகத்தான் இருக்கும். அடிப்பக்கம் வெளியே வரும்படி வளைத்தால் வாய் பிளந்துவிடும். வேர்வரை உலோகம் உருகி இறங்கியிருக்காது, தட்டி எடுக்காத கசடு நடுவில் சிக்கியிருக்கும்.

நம் மாவட்டத்தில் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கினால் ஐப்பசி, கார்த்திகைவரை காற்றில் ஈரம்தான். ராடு நமுத்துப் போகும். 7018 வகை ராடை 300 முதல் 350 டிகிரி சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் காயவைக்காமல் பயன்படுத்தினால் வெல்டில் ஊசித்துளை விழும், ஆறிய பிறகு விரிசல்கூட விடும். 6013-க்கு 100 டிகிரி போதும், கூடினால் மேல்பூச்சு கெட்டுவிடும். ராடு காயவைக்கும் ஓவன் இல்லாத பட்டறைக்கு விலை உயர்ந்த ராடு வாங்கித் தருவது வீண். கணினி கட்டுப்பாட்டில் ஓடும் சி.என்.சி. இயந்திரத்துக்கும் இதே கதிதான். உப்புக்காற்று பட்ட சர்க்யூட் போர்டில் செம்பு களிம்பேறுகிறது. ஸ்டெபிலைசரும், பேனலைக் குளிரவைக்கும் கருவியும், வாரண்டி முடிந்த பிறகான பராமரிப்பு ஒப்பந்தமும் கொள்முதல் விலையிலேயே சேரவேண்டும்.

சமுதாயக் கல்லூரிகளுக்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) வகுத்த நெறிமுறையில் ஓராண்டு டிப்ளமோவின் 60 கிரெடிட்டில் 36 திறன் பயிற்சிக்கு. கிரெடிட்டுக்கு 15 மணி என்றால் பட்டறையில் 540 மணி நேரம். தூத்தூரிலோ குளச்சலிலோ வள்ளத்து அவுட்போர்டு எஞ்சின் பழுதுபார்க்கும் படிப்பு தொடங்குவதானால் அந்த 540 மணிக்கும் கழற்றிப் பூட்ட எஞ்சின் வேண்டும், கூடவே கேஸ்கெட்டும் பிளக்கும் வாட்டர் பம்ப் இம்பெல்லரும். மணல் அரித்த இம்பெல்லரால் எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீரை இழுக்க முடியாது, எஞ்சின் சூடேறி நடுக்கடலில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். தேய்ந்ததையும் புதியதையும் இரு கையில் வைத்துப் பார்க்காத மாணவனுக்கு இது புரியாது. ஒரு செட் ஒரு வகுப்புக்குக்கூடத் தாங்காது.

ஆகவே, பயிற்சிப் பொருளுக்கு இயந்திரச் செலவோடு கலக்காத தனித் தலைப்பு வேண்டும். தொகையை, மாணவர் எண்ணிக்கையைப் பயிற்சி மணியால் பெருக்கி முடிவு செய்யுங்கள். பாதிப் பணம் ஆகஸ்டில், சேர்க்கையோடு கைக்கு வரவேண்டும். மார்ச் கடைசியில் வந்து 31-ஆம் தேதிக்குள் செலவழிக்கச் சொல்லும் பணத்தில் வாங்கிய ராடு அடுத்த மழைக்குக் கிடங்கிலேயே நமுத்துவிடும். ஆர்கான் போன்றவற்றை நாகர்கோவிலிலேயே அவ்வப்போது வாங்க அந்தந்தப் பயிற்சி நிலையத்தின் முதல்வருக்கு அதிகாரம் கொடுங்கள்.

ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: இயந்திரங்களை எண்ணி முடித்ததும், அந்த மாதம் மாணவர்கள் வளைத்துச் சோதித்த துண்டுகளை எடுத்துவரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் மாணவனின் எண் குத்தியிருக்கும். யார் எத்தனை மூட்டு போட்டான், எத்தனை பிளந்தது என்று அங்கேயே எண்ணிப் பாருங்கள்.

இப்படிக்கு,
பட்டறைப் பயிற்றுநர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்