தியரி பேப்பரை நீக்காதீங்க, லேப் பரீட்சையை மாத்துங்க

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரி பத்தி வந்த கட்டுரையை ரெண்டு தடவை படிச்சேன். கோடு எழுத ஏஐ வந்தாச்சு, இனிமே ஆப்பரேட்டிங் சிஸ்டம், ஆட்டோமேட்டா தியரி (கம்ப்யூட்டரால எது முடியும்னு கணக்கா பாக்கற பாடம்), டிஸ்க்ரீட் மேத்ஸ் எல்லாம் எதுக்கு, அதையெல்லாம் சிலபஸ்ல இருந்து தூக்கிட்டு நேரா வேலைக்குத் தேவையானதை மட்டும் சொல்லிக் கொடுக்கலாமேன்னு அதுல கேட்டிருந்தாங்க. நான் இப்ப இதே டிகிரியில கடைசி செமஸ்டர்ல இருக்கேன், அதனால இதுக்குப் பதில் எழுதாம இருக்க மனசு வரல.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நானும் ஏஐ யூஸ் பண்றேன், எங்க கிளாஸ்ல எல்லாருமே பண்றாங்க. போன வருஷம் என் ஃப்ரெண்ட் ஒருத்தன் சி மொழியில ஒரு ஃபங்ஷன் எழுதினான், உள்ள ஒரு கேரக்டர் அரே (எழுத்துகளை வரிசையா வைக்கற இடம்) வெச்சு பேரை அதுல சேர்த்து, அந்த அரே மெமரியில இருக்கற அட்ரஸை ஒரு பாயிண்டர்ல போட்டு ரிட்டர்ன் பண்ணிட்டான். முதல் தடவை பேர் சரியா வந்துச்சு, நடுவுல வேற ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டுட்டு மறுபடி பிரிண்ட் பண்ணா ஏதேதோ குப்பை எழுத்தா வருது. ஏஐகிட்ட ஒட்டினான், அது மாத்திக் கொடுத்துச்சு, ஓடிடுச்சு. அடுத்த வாரம் வேற ஃபைல்ல அதே தப்பு, மறுபடி ஒட்டினான். மூணாவது தடவை நான் பக்கத்துல உக்காந்து ஒரு பேப்பர்ல ஸ்டாக்கை, அதாவது ஃபங்ஷன் ஓடறப்ப அதோட டேட்டா தங்கற மெமரியை, கட்டம் கட்டமா வரைஞ்சு, ஃபங்ஷன் முடிஞ்சதும் இந்தக் கட்டம் உன்னோடது இல்ல, அடுத்து கூப்பிடற ஃபங்ஷன் இதே இடத்துல வந்து எழுதும், நீ வெச்சிருக்கறது காலி பண்ணின வீட்டோட அட்ரஸ்னு சொன்னேன். அஞ்சு நிமிஷம்தான். அப்புறம் அந்தத் தப்பு அவன் கோடுல வரவே இல்ல. இதை நான் எங்க கத்துக்கிட்டேன்னா கட்டுரையில வேணாம்னு சொன்ன அதே ஆப்பரேட்டிங் சிஸ்டம் பேப்பர்ல, மெமரி பத்தின பாடத்துல.

இன்னொண்ணு. செகண்ட் இயர்ல ஒரு லிஸ்ட்ல ஒரே ஐட்டம் ரெண்டு தடவை வந்திருக்கான்னு பாக்கற ப்ரோக்ராம் எழுதினேன், லூப்புக்குள்ள லூப், ஒவ்வொண்ணையும் மத்த எல்லாத்தோடயும் ஒப்பிடறது. 1000 ஐட்டம் போட்டேன், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சது, சந்தோஷமா 10 லட்சம் போட்டேன், லேப்டாப் ஃபேன் கத்த ஆரம்பிச்சது, ரொம்ப நேரம் பாத்துட்டு நானே நிறுத்திட்டேன். ப்ரோக்ராம்ல ஒரு எழுத்து கூட தப்பு இல்ல. பேப்பர்ல கணக்கு போட்டப்பதான் தெரிஞ்சது, அந்த ரெண்டு லூப்பும் சேர்ந்து கிட்டத்தட்ட 50,000 கோடி ஒப்பீடு. அதையே முதல்ல சார்ட் பண்ணி, அதாவது வரிசைப்படுத்திட்டு, பக்கத்து பக்கத்துல இருக்கறதை மட்டும் பாத்தா சுமார் 2 கோடியில முடியுது. லிஸ்ட்ல n ஐட்டம் இருந்தா எவ்வளவு வேலைன்னு அல்காரிதம் கிளாஸ்ல போர்டுல எழுதிப் போட்ட n ஸ்கொயரும் n லாக் n-னும் அன்னிக்குத்தான் எனக்கு உயிரோட எழுந்து நின்னுச்சு.

கட்டுரையில ரொம்ப இளக்காரமா எழுதியிருந்தது ஆட்டோமேட்டா தியரி பத்தி. எங்க பேட்ச்ல ஒரு பொண்ணு, நல்லா கோடு எழுதுவா, எந்த ப்ரோக்ராமைக் கொடுத்தாலும் அது முடிவே இல்லாம சுத்துமா இல்ல ஒரு இடத்துல நிக்குமான்னு ஓட்டாமலே கண்டுபிடிச்சு சொல்ற டூல் பண்றேன்னு ப்ராஜெக்ட்டுக்கு எடுத்தா. ஒரு மாசம் உழைச்சா. சின்னச் சின்ன ப்ரோக்ராமுக்கு சரியா சொல்லும், புதுசா ஒண்ணு கொடுத்தா தப்பா போகும், அதுக்கு ஒரு கண்டிஷன் சேர்ப்பா, மறுபடி வேற ஒண்ணுல மாட்டும். தேர்ட் இயர்ல ஆட்டோமேட்டா கிளாஸ்ல மேடம் ஹால்ட்டிங் ப்ராப்ளம் எடுத்தப்ப அவ முகத்தைப் பாத்தேன், எல்லா ப்ரோக்ராமுக்கும் சரியா பதில் சொல்ற அப்படி ஒரு ப்ரோக்ராம் இருக்கவே முடியாதுன்னு கணித மேதை ஆலன் டூரிங் 1936-லயே நிரூபிச்சுட்டார், அதுவும் கம்ப்யூட்டர்னு ஒரு மெஷினே இன்னும் வராத காலத்துல. ஒரு மாசமா அவ, தன் திறமை பத்தாமதான் தோத்துக்கிட்டு இருக்கோம்னு நினைச்சுட்டு இருந்தா. எது முடியும் எது முடியாதுன்னு சொல்ற பேப்பரை வேலைக்கு ஆகாதுன்னு எப்படிங்க சொல்றது?

ஆனா கட்டுரை எழுதினவருக்கு வந்த கோவம் எங்க இருந்து வருதுன்னு எனக்குப் புரியுது. பசங்க டிகிரி முடிச்சுட்டு ஒண்ணும் தெரியாம வெளிய வர்றாங்கங்கறது உண்மைதான். அதுக்குக் காரணம் தியரி இல்ல, பரீட்சை. எங்க லேப் பரீட்சைக்கு ஒரு லிஸ்ட் கொடுப்பாங்க, அதுல இருக்கற ப்ரோக்ராம்ல ஒண்ணுதான் வரும், ரெக்கார்ட் நோட்டுல இருக்கறது அப்படியே வரணும், வேரியபிள் பேர் மாத்தினா கூட சிலர் கேள்வி கேப்பாங்க. ஃபர்ஸ்ட் இயர்ல எனக்கு லிங்க்டு லிஸ்ட்ல (ஒவ்வொரு நோடும் அடுத்த நோடை அம்புக்குறியால காட்டற சங்கிலி) நடுவுல இருந்து ஒரு நோடை எடுக்கறது வந்துச்சு, மனப்பாடம் பண்ணிட்டுதான் போனேன், நடுவுல ஒரு வரி மறந்துடுச்சு. அவ்வளவுதான், கை நின்னுடுச்சு. முந்தின நோடோட அம்புக்குறியை அடுத்த நோடுக்குத் திருப்பணும், அந்த ஒரே விஷயம், படம் போட்டுப் பாத்திருந்தா மறக்கவே மறக்காது, ஆனா நான் அதை ஒரு விஷயமா படிக்கல, பதினஞ்சு வரியா படிச்சிருந்தேன். அன்னிக்கு வெளிய வந்து அழுதேன்.

அதனால நான் கேக்கறது இதுதான். லேப் பரீட்சையில ஓடற ப்ரோக்ராமை எழுதச் சொல்றதுக்குப் பதிலா உடைஞ்ச ப்ரோக்ராமைக் கையில கொடுங்க, எங்க உடையுது, ஏன் உடையுதுன்னு கேளுங்க. உதாரணத்துக்கு பைனரி சர்ச்சை எடுங்க, வரிசையா இருக்கற லிஸ்ட்டை ஒவ்வொரு தடவையும் பாதியாக்கித் தேடறது, எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சது, low, high-னு நோட்டுல எழுதற அந்த ரெண்டு எல்லையையும் கூட்டி ரெண்டால வகுத்தா நடு. முழு எண்ணை வைக்கற 32 பிட் இன்டிஜர்ல 2147483647 வரைக்கும்தான் இடம், ரெண்டு எல்லையோட கூட்டுத்தொகை அதைத் தாண்டிடுச்சுன்னா நெகடிவ் ஆயிடும், ப்ரோக்ராம் விழும். ஜாவாவோட சொந்த லைப்ரரியிலயே இந்தத் தப்பு பல வருஷம் யார் கண்ணுலயும் படாம இருந்துச்சு, அதை எழுதின ஜோஷுவா ப்ளாக்கே 2006-ல வெளிப்படையா எழுதினார். மேல் எல்லையில இருந்து கீழ் எல்லையைக் கழிச்சு, பாதியாக்கி, கீழ் எல்லையோட கூட்டினா சரியாயிடும். பைனரி சர்ச்சை மனப்பாடமா எழுதற நூறு பேருக்கு முன்னாடி இந்த ஒரு கேள்வியை வெச்சா யாருக்குப் புரிஞ்சிருக்கு யாருக்குப் புரியலன்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சுடும். ஏஐ கொடுக்கற கோடும் இப்படித்தான் பாக்க அழகா இருக்கும், நூறு தடவை ஓடும், நூத்தி ஒண்ணாவது தடவை ஏன் விழுதுன்னு பாக்க ஒரு ஆள் வேணும், அந்த ஆளா எங்களை ஆக்கறதுக்குத்தான் இந்த டிகிரி.

திருத்தறவங்களுக்கு இது கஷ்டம், நேரம் எடுக்கும், எனக்குத் தெரியும். எங்க ஆப்பரேட்டிங் சிஸ்டம் சார் மட்டும் இதைப் பண்ணினார், ஒவ்வொருத்தரையும் பக்கத்துல உக்கார வெச்சு, நம்ம எழுதின கோடுலயே ஒரு வரியை அழிச்சுட்டு இப்ப என்ன ஆகும்னு கேப்பார், ஓட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி வாயால சொல்லணும். தப்பா சொன்னா கூட மார்க் குறைக்க மாட்டார், ஓட்டிக் காட்டி, ஏன் நீ நினைச்ச மாதிரி வரலன்னு மறுபடி கேப்பார். அறுபது பேருக்கு அவருக்கு மூணு நாள் ஆச்சு. அந்த ஸ்டாக் படத்தை நான் என் ஃப்ரெண்டுக்கு வரைஞ்சு காட்டினது அவர்கிட்ட கத்துக்கிட்டதுதான்.

இந்தக் கடிதத்தை நீங்க போடும்போது நீளம்னு குறைக்க வேண்டி வந்தா என்னைப் பத்தி எழுதினதை எடுத்துடுங்க, லேப் பரீட்சை பத்தினதை மட்டும் விட்டுடாதீங்க.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி செமஸ்டர் மாணவி ஒருத்தி