மருந்துச் சாளரத்தில் கடைசியாக வரும் கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வழங்கும் நாள்களில், மாத்திரையை வாங்கிய பிறகும் வீட்டுக்குப் போகாமல் மரத்தடியில் காத்திருந்து, கூட்டம் கலைந்ததும் மருந்துச் சாளரத்துக்குத் திரும்பி வரும் ஆண்கள் சிலர் எப்போதும் உண்டு. "சார், கொஞ்சம் நரம்புத் தளர்ச்சி மாதிரி இருக்குது, அதுக்கு ஏதாவது மாத்திரை இருக்குதா?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார்கள். நரம்புத் தளர்ச்சி என்பது விறைப்புத்தன்மைக் குறைபாட்டுக்கு நம் ஊரில் வழங்கும் இடக்கரடக்கல். மருத்துவரிடம் கேட்கத் துணியாமல் என்னிடம் வந்த அந்தக் கேள்விக்காகவே இதை எழுதுகிறேன்.

இந்தக் குறைபாடு பெரும்பாலும் நரம்பில் தொடங்குவதில்லை, இரத்தக்குழாயில் தொடங்குகிறது. ஆணுறுப்புக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனியின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். இதயத் தமனியின் விட்டமோ 3 முதல் 4 மில்லிமீட்டர். சர்க்கரையும் உயர் இரத்த அழுத்தமும் புகையும் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கும்போது, இரண்டில் சிறியது முதலில் அடைபடுவதில் வியப்பில்லை. நெஞ்சுவலி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே படுக்கையறையில் இந்த அறிகுறி தோன்றிவிடுவது உண்டு. ஆகவே நாற்பது வயதைக் கடந்த ஒருவர் இதை உணர்ந்தால், எந்தச் சூரணத்தையும் தேடுவதற்கு முன் இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகிய மூன்றையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள், அதனால்தான் இப்படி ஆகிறது என்று தாமாகவே நிறுத்திவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சில இரத்த அழுத்த மாத்திரைகளுக்கு அந்தப் பக்கவிளைவு உண்டு என்பது உண்மையே, ஆனால் மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரை எழுதித் தருவார்.

இயற்கையான வழி உண்டா என்று கேட்பவர்களுக்கு, உண்டு என்றே நான் பதில் சொல்லி வந்திருக்கிறேன். உடல் பருமனும் இக்குறைபாடும் கொண்ட 110 ஆண்களை இத்தாலியில் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், உணவாலும் உடற்பயிற்சியாலும் எடை குறைக்க முறையான வழிகாட்டுதல் பெற்ற 55 பேரில் 17 பேர் மருந்தின்றியே இயல்பு நிலைக்குத் திரும்பினார்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற மற்ற 55 பேரில் அந்த நிலையை எட்டியவர்கள் மூவர்தான். நாளுக்கு நாற்பது நிமிட வேக நடை, வாரத்தில் நான்கு நாள், ஆறு மாதம் என்ற அளவு பயன் தருவதாகப் பிற ஆய்வுகளும் சொல்கின்றன. சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கித் தளர்த்தும் இடுப்புத்தளப் பயிற்சிக்கு ஒரு காசு செலவில்லை; பிரிட்டனில் 55 ஆண்கள் அதை ஆறு மாதம் செய்ததில் 40 சதவீதத்தினர் இயல்பு நிலையைப் பெற்றார்கள். பீடி சிகரெட்டை விடுவதும், மதுவை விடுவதும், இரவில் ஏழு மணி நேரம் உறங்குவதும் இதே சிகிச்சையின் பகுதிகள். இவற்றுள் எதுவும் ஒரே வாரத்தில் பலிக்காது என்பதையும் சொல்லியே அனுப்புவேன்.

இளைஞர்களின் நிலை வேறு. அதிகாலையில் இயல்பான விறைப்பு இருக்கும் இருபது வயதுப் பையனுக்கு உடலில் பெரும்பாலும் குறையே இருக்காது. கைப்பழக்கத்தால் உடம்பு கெட்டுவிட்டது, ஒரு சொட்டு விந்து பல சொட்டு இரத்தத்துக்குச் சமம் என்று யாரோ ஏற்றிய பயம்தான் அவனை வாட்டுகிறது. அவனுக்குத் தேவை, அது பொய் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லும் ஒரு மருத்துவர்.

அந்தப் பயத்தை வைத்தே பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறை லாட்ஜில் அறை எடுத்து 'பரம்பரை வைத்தியம்' பார்க்கும் ஒருவரிடம் பெயரில்லாத பொட்டலம் வாங்கித் தின்று மயங்கி விழுந்த விவசாயி ஒருவரை எங்கள் நிலையத்துக்குத் தூக்கி வந்தார்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையை அவர் வழக்கமாகப் பயன்படுத்தி வந்தவர். பொட்டலத்தில் என்ன இருந்தது என்று எவருக்கும் தெரியவில்லை. மூலிகை என்று விற்கப்படும் பொடிகளில், விறைப்புக் குறைபாட்டுக்குத் தரப்படும் ஆங்கில மருந்தான சில்டெனாபில் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. அது நைட்ரேட்டுடன் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியும். இதைச் சித்த மருத்துவத்தின் மீதான குறையாக யாரும் கொள்ள வேண்டாம். அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகளில் முறையாகப் படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். அமுக்கராவோ பூனைக்காலி விதையோ அவர்கள் உடல்நிலை அறிந்து தருவதற்கும், லாட்ஜ் அறையில் விற்பதற்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரியது.

பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் சட்டம் தடை செய்கிறது. அத்தகைய விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கெடுப்பவர்களும் அதன் பிடிக்குள் வருவார்கள். அப்படியிருந்தும் வரி விளம்பரங்களிலும் நள்ளிரவுத் தொலைக்காட்சியிலும் அவை நிற்கவில்லை. அவற்றை ஏற்பதில்லை என்று தங்கள் நாளிதழ் அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அரசுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே செல்கின்றன. அந்த நோயாளிகள் பரிசோதனைக்கு வரும்போது, கால் மரத்துப்போகிறதா, பார்வை மங்குகிறதா என்று கேட்கும் அதே இயல்புடன், தாம்பத்தியத்தில் சிரமம் உண்டா என்று ஆண்களிடம் மருத்துவரே முதலில் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
லால்குடி வட்டம், திருச்சி மாவட்டம்.