மின்தடை அறிவிப்புக்குக் கீழே ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேப்பர் வந்ததும் எங்கள் பட்டறையில் முதலில் தேடுவது 'நாளை மின்தடை' என்று நீங்கள் கட்டம் கட்டிப் போடும் அறிவிப்பைத்தான். காலை 9 முதல் மதியம் 2 வரை என்று நம் ஊர் பெயர் இருந்தால், மெஷின் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு உளி வேலை, உப்புத்தாள் தேய்ப்பு, வார்னிஷ் என்று எடுத்துக்கொள்வோம். அந்த அறிவிப்புக்குக் கீழே இன்னும் ஒரு வரி போடும்படி கேட்கத்தான் எழுதுகிறேன்.

செங்கோட்டையில் முப்பது வருடமாகத் தச்சுவேலை. நிலை, கதவு, ஜன்னல். இழைப்பும் ரம்பமும் சேர்ந்த 2 எச்.பி. மெஷின் ஒன்று வைத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பராமரிப்பு நாள். முதல் நாள் பேப்பரை நான் பார்க்கவில்லை. தேக்குச் சட்டம் ஒன்று பாதி இழைத்திருக்கும்போது கரண்ட் போனது. மெஷின் தானாக நின்றுவிட்டதால் சுவிட்சை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. டீக்கடையில்தான் சொன்னார்கள், 2 மணிக்குத்தான் வருமாம் என்று. சாப்பிட்டுவிட்டு வந்த என் அக்கா மகன், சும்மா இருப்பானேன் என்று கத்தி பொருத்திய உருளையான கட்டர் பிளாக்கில் அடைத்திருந்த மரச் சுருளை விரலால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தான். கரண்ட் 1.40-க்கே வந்துவிட்டது. வலது கை நடுவிரலில் நகத்தோடு ஒரு கணு போயிற்று.

வேலையைச் சீக்கிரம் முடித்துக் கரண்ட் கொடுத்த லைன்மேனை நான் குறை சொல்லவில்லை. குறை என் சுவரில் இருந்தது. மெஷினை வாங்கிய நாளிலிருந்து 16 ஆம்பியர் பிளக்கில் செருகி, சாதாரண சுவிட்சில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த சுவிட்சுக்குக் கரண்ட் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. போட்டது போட்டபடியே இருக்கும்.

மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் பட்டன் வைத்த ஸ்டார்ட்டர் பெட்டி அப்படி இல்லை. பச்சைப் பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கும் காயில் காந்தமாகி, காண்டாக்டை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போன நொடியே காந்தம் விட்டுவிடும், ஸ்பிரிங் காண்டாக்டைத் தள்ளிவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும் யாராவது பச்சையை அழுத்தினால்தான் மோட்டார் சுற்றும். இவ்வளவுதான் விஷயம். கிணற்று மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் வைக்காத விவசாயி உண்டா? தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்கு இருக்கும் மரியாதை, விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் பிளேடு சுற்றும் மோட்டாருக்கு இல்லை. அதன்பிறகு 2,000 ரூபாய்ச் சொச்சம் கொடுத்து வாங்கி மாட்டினேன். இரண்டு நாள் கூலி.

இங்கேயும் ஒரு வில்லங்கம் உண்டு. தோட்டத்தில் சும்மா கிடக்கிறது என்று பழைய பம்புசெட் ஸ்டார்ட்டரைத் தூக்கி வந்து மாட்டுகிறார்கள். பலவற்றில் 'ஆட்டோ' கோத்திருப்பார்கள். ராத்திரி கரண்ட் வந்தால் ஆள் இல்லாமலே பம்பு ஓட வேண்டும் என்பதற்காக வைத்தது அது. வயலுக்கு வசதி, பட்டறைக்கு எமன். மோட்டார் அளவுக்கு மீறி இழுத்தால் கரண்டை வெட்டும் ஓவர்லோடு ரிலேயையும் பம்பு மோட்டாருக்கு வைத்த அளவிலேயே விடக்கூடாது. நம் மோட்டார் தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியருக்குத் திருப்பி வைக்க வேண்டும்.

புது வீடுகளில் கப்போர்டு வேலைக்கு வரும் பையன்கள் செய்வது இதைவிடப் பயம். கல் அறுக்கும் 4 இஞ்ச் கட்டரைப் பிளைவுட் பலகைக்கு அடியில் கவிழ்த்துப் பொருத்தி, விரலை எடுத்தால் நிற்க வேண்டிய சுவிட்சைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். பிளக்கும் கிடையாது. இரண்டு வயர் முனையை ஓட்டையில் விட்டுத் தீக்குச்சி செருகுகிறார்கள். மூன்றாவது ஓட்டை காலி, அதாவது எர்த்தே இல்லை.

வயரிங் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 11, 12 ஆம்பியர்தான் இழுக்கும். கிளம்பும் அந்த ஒரு நொடி ஐந்தாறு மடங்கு கேட்கும். நான் முதலில் 30 மீட்டர் தள்ளி வீட்டிலிருந்து ஒரு சதுர மில்லிமீட்டர் வயரில்தான் இழுத்திருந்தேன். அந்த நீளத்தில், கிளம்பும்போது மட்டும் 60 வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே தொலைந்துபோகும். மோட்டார் உறுமுமே தவிரக் கிளம்பாது. மரம் ஈரம், அதனால் இழுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டென்சர் இரண்டை ஊத விட்டேன். இப்போது மீட்டர் பலகையிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தனியாக வருகிறது. அதற்கு 16 ஆம்பியர் எம்.சி.பி., அதாவது கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச். கிளம்பும் நொடியின் இழுப்பைத் தாங்கும் 'சி' வகை அது. 'பி' வகை போட்டால் கிளம்பும்போதே விழுந்துவிடக்கூடும். விழுகிறதே என்று 32 ஆம்பியருக்கு மாற்றுவதும், அந்தக் காலத்தில் பீஸ் கட்டையில் தடிக் கம்பி சுற்றியதும் ஒரே புத்திதான். எம்.சி.பி. வயரைத்தான் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆளுக்காக 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும். எர்த் குழிக்குக் கோடையில் வாரம் ஒருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் மரத்தூள் புகுந்தால் தீப்பிடிக்கும் என்பதால் மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டுத் திறந்து துடைக்கிறேன். வயரிங்கை நானே செய்யவில்லை. லைசென்ஸ் உள்ளவரை வைத்துத்தான் செய்தேன். சுத்தியல் பிடித்தவன் எல்லாம் தச்சன் இல்லை என்று சொல்கிற நாம், டெஸ்டர் வைத்திருப்பவனை எல்லாம் எலக்ட்ரீஷியன் என்று நம்புகிறோம்.

மெஷின் விற்கும் கடைகள் ஸ்டார்ட்டரோடு சேர்த்துத்தான் விற்க வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கினால் நல்லது. எனக்கு விற்ற கடைக்காரர் 'ஸ்டார்ட்டர் உங்க இஷ்டம்ணே' என்றார். நானும் விலையைப் பார்த்து வேண்டாம் என்றவன்தான். சட்டம் வரும்போது வரட்டும். உங்கள் கையில் இருப்பது அந்த ஒரு வரி. மின்தடை அறிவிப்பின் கீழே இப்படிப் போடுங்கள்:

"மின்சாரம் நின்றதும் மெஷின் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே மின்சாரம் வரலாம்."

இடம் போதாதென்றால் முதல் வாக்கியம் மட்டும் போதும்.

இப்படிக்கு,
ஒரு தச்சுத் தொழிலாளி,
செங்கோட்டை.