பிடி அரிசியும் மீன் குழம்பும்

நாசரேத்

அன்புள்ள தோழிக்கு,

கர்த்தருடைய நாமத்தில் அன்பின் வாழ்த்துகள். உன் கடிதம் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. போனில் எவ்வளவு நேரம் பேசினாலும் மனசில் இருப்பதை நீ கடிதத்தில்தான் எழுதுவாய். ஹாஸ்டலில் இருந்த காலத்திலிருந்தே உன் வழக்கம் அது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு இப்போது கம்பு இல்லாமல் வீட்டுக்குள் நடக்கிறாய் என்று படித்ததும் வாய்விட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். அண்ணாச்சிக்குச் சர்க்கரை குறைந்ததும் சந்தோஷம். கருப்பட்டிதானே என்று சொல்லிக்கொண்டு காப்பியில் அள்ளிப் போட்டுவிடுவார், நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே எல்லாரும் சுகம். பெரியவனுக்குத் தூத்துக்குடிக்கே மாற்றல் கிடைத்துவிட்டது, சனி ஞாயிறு வந்துவிடுகிறான். சின்னவள் பெங்களூரில்தான் இருக்கிறாள். அத்தைக்குக் காது நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "வீடு சந்திப்புக்குப் போக முடியவில்லை, ஓய்வுநாள் பள்ளிக்கும் வேறு ஆள் போட்டுவிட்டார்கள், அடுப்படியே கதி என்று ஆகிவிட்டது, கர்த்தருக்கென்று ஒன்றும் செய்யாமல் நாள் போகிறது" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. உனக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். நீ சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மார்த்தாளை நினைத்துத்தான் அப்படி எழுதினாய் என்று தோன்றுகிறது. நமக்குச் சின்ன வயசிலிருந்து சொல்லிக் கொடுத்தது அப்படி. வீட்டுக்கு வந்த ஆண்டவரின் பாதத்தருகே உட்கார்ந்து வசனம் கேட்ட மரியாள் நல்ல பிள்ளை; அவள் உதவிக்கு வரவில்லை என்று அவரிடம் முறையிட்ட சகோதரி மார்த்தாள், அடுப்படியில் கிடந்து நல்ல பங்கை விட்டவள். ஆனால் லூக்கா 10-ம் அதிகாரத்தை நிதானமாகப் படித்துப் பார். ஆண்டவர் அவளிடம், "நீ ஏன் சமைக்கிறாய்" என்று கேட்கவே இல்லை. "நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்றுதான் சொன்னார். அவர் தொட்டது அவளுடைய கலக்கத்தை, கையில் இருந்த கரண்டியை அல்ல. அப்புறம் யோவான் 12-க்கு வா. செத்துப்போன அவர்கள் சகோதரன் லாசரு உயிரோடு எழுந்து பந்தியில் உட்கார்ந்திருக்கிறான், பெத்தானியாவில் விருந்து. அங்கேயும் "மார்த்தாள் பணிவிடை செய்தாள்" என்று எழுதியிருக்கிறது. அதே மார்த்தாள், அதே வேலை. இந்தத் தடவை முறையிடவும் இல்லை, யாரும் அவளைத் திருத்தவும் இல்லை. இதற்கு முந்தின அதிகாரத்தில் "நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து" என்று அறிக்கை செய்ததும் அவள்தான். அந்த விசுவாசத்தைப் பெற்ற பிறகும் அவள் சமையலை விட்டுவிடவில்லை. எனக்கு இந்த இரண்டாவது மார்த்தாளை ரொம்பப் பிடிக்கும். இவளைப் பற்றி யாராவது பிரசங்கம் செய்ய மாட்டார்களா என்று காத்திருக்கிறேன்.

இன்னொன்று. நம் பக்கத்துத் திருச்சபையின் கதையே அடுப்படியிலிருந்து வந்ததுதான், அதை நீ மறந்துவிட்டாயா? எங்கள் அம்மா சோறு வடிக்க உழக்கால் அரிசியை அளந்து முறத்தில் போடுவார்கள். கல், நெல் பொறுக்கிவிட்டு, களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, கதவுக்குப் பின்னால் இருக்கும் கலயத்தில் போடுவார்கள். பிள்ளைகள் நாங்கள் அத்தனை பேர், பஞ்ச காலத்தில் ரேஷன் அரிசி, ஆனாலும் அந்தப் பிடி தப்பாது. சாப்பிட்டு மிஞ்சியதைப் போடுவதில்லை, சமைக்கும் முன்னால் எடுப்பது. ஞாயிற்றுக்கிழமை அதைக் கோவிலுக்குக் கொண்டுபோய், முன்னால் இருக்கும் பெட்டியில் கொட்டிவிட்டு வருவோம்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். முதல் காய் முருங்கை, வெடக்கோழி, வாழைத்தார் எல்லாம் போன பிறகு கடைசியில் இந்த அரிசி வரும். ஊரில் உள்ள எல்லா வீட்டு அரிசியும் அதில் கலந்து கிடக்கும். புழுங்கல், பச்சை, சன்னம், மோட்டா, ரேஷன், எல்லாம். அதை வாங்க ஆள் யோசிப்பார்கள். ஏனென்றால் சோறாக்கினால் சரிப்பட்டு வராது. ஒன்று குழைந்து களியாகும்போது இன்னொன்று நறுக்கென்று இருக்கும். எங்கள் அம்மாதான் அநேகமாக ஏலம் கேட்பார்கள். அதைக் குருணையாக உடைத்துக் கஞ்சி காய்ச்சுவார்கள். சிறுபயறும் ரெண்டு பல் பூண்டும் போட்டு, தேங்காய்த் துவையலோடு. கஞ்சியில் எது யார் வீட்டு அரிசி என்று தெரியாது. பண்ணையார் வீட்டு அரிசியும் பனையேறி வீட்டு அரிசியும் ஒரே தட்டில். அந்தக் காலத்துத் தெருவில் அது லேசான காரியம் இல்லை, உனக்கே தெரியும்.

அந்த அரிசி எங்கே போனது என்று யோசித்துப் பார். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கினார்கள். அதற்கு முன்னின்றவர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா பிறந்தது இதோ இங்கே, வெள்ளாளன்விளையில். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல், நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்று ஆரம்பித்த சங்கம் அது. நிஜாம் சீமையில் இருந்த தோர்ணக்கல்லுக்கு, பாஷை தெரியாத தெலுங்கு ஊருக்கு, இங்கேயிருந்து ஊழியர்களை அனுப்பினார்கள். பின்னால் அசரியாவும் அங்கே போனார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சர், அதாவது பிஷப் ஆனார். எங்கள் ஆச்சி கலயத்தில் போட்ட அரிசியும் அந்த மிஷனெரிக் காணிக்கைக்குத்தான் போனதாம். ஆச்சி தோர்ணக்கல்லைக் கண்ணால் பார்த்ததில்லை. ரயிலேறியதே இல்லை. மிசோரமிலும் இதே வழக்கம் உண்டு. அங்கே 1910-லிருந்து வீட்டுக்கு வீடு பெண்கள் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைக்கிறார்கள், இன்றைக்கும் அங்கே மிஷனெரிப் பணிக்கு அது பெரிய ஆதாரம்.

பஞ்ச காலத்தில் எலியா தீர்க்கதரிசிக்கு அடை சுட்டுக் கொடுத்த சாறிபாத் விதவையைப் பற்றி வேதத்தில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் கைதான் ஞாபகம் வரும். பானையில் இருந்ததும் ஒரே ஒரு பிடி மாவு. "முதலில் எனக்கு ஒரு சின்ன அடை சுட்டுக் கொண்டுவா" என்று எலியா கேட்கிறார். பஞ்சத்தில், சாகப் போகிற வீட்டில், முதல் அடையைக் கேட்பதா என்று இளவயதில் எனக்குக் கோபம்கூட வந்ததுண்டு. ஆனால் பின்னால் நடந்ததைக் கவனி. பானை நிரம்பி வழிந்தது என்று வேதத்தில் இல்லை. மூட்டை மூட்டையாக மாவு வந்து இறங்கவும் இல்லை. மாவு செலவழிந்து போகவில்லை, அவ்வளவுதான். தினமும் காலையில் அவள் கையை விட்டுப் பார்க்கும்போது அன்றைக்கு வேண்டியது இருந்தது. நாம் கேட்பது நிரம்பிய பானை, அவர் தருவது காலியாகாத பானை. நீ உன் பென்ஷனையும் மருந்துச் செலவையும் பற்றி எழுதியிருந்தாயே, அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதும் இதைத்தான் நினைத்தேன்.

இப்போது தம்பி விஷயம். நம் பழக்கத்துக்கு உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது. அப்பா போன பிறகு விளையை, அந்தத் தோட்ட நிலத்தை, பாகம் வைப்பதில் வந்த மனக்கசப்பு உனக்குத் தெரியும். யார் பக்கம் நியாயம் என்று இதில் எழுத நான் விரும்பவில்லை. ரொம்ப நாளாக அவன் இந்த வாசலை மிதிக்கவில்லை. ஈஸ்டர் முடிந்து கொஞ்ச நாளில், நல்ல உச்சி வெயிலில், பைக்கில் வந்து இறங்கினான். கையில் ஒரு ஃபைல்.

அன்றைக்கு மணப்பாட்டிலிருந்து சாளை வந்திருந்தது. தேங்காயும் சின்ன வெங்காயமும் சீரகமும் பட்டுப்போல அரைத்து, புளி கரைத்து, மாங்காய் ரெண்டு கீற்றுப் போட்டு, சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவனை உட்காரச் சொல்லிவிட்டு மீனைப் போட்டேன். சாளை போட்டபின் கரண்டியை உள்ளே விடக் கூடாது, உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணியால் சட்டியின் விளிம்பைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி வைத்தேன். அவன் ஃபைலைத் திறக்கப் போனான். "சாப்பிட்டுட்டுப் பேசலாம்ல" என்றேன். இலை போட்டேன். பேசாமல் சாப்பிட்டான். நானும் பேசவில்லை. அத்தை மட்டும் யார் வந்திருக்கிறது என்று உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இரண்டாவது தடவை சோறு வைத்தபோது, "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துக்கா, அம்மா வச்ச மாதிரியே இருக்கு" என்றான். அவ்வளவு நாளைக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

யோவான் 21-ஐ அன்று ராத்திரி எடுத்துப் படித்தேன். பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் கரிநெருப்பின் பக்கத்தில் நின்று குளிர்காய்ந்துகொண்டுதான் சீஷனாகிய பேதுரு, ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்தான். திபேரியாக் கடற்கரையில் அவன் தண்ணீரில் குதித்துக் கரையேறி வரும்போதும் கரிநெருப்பு. அதன்மேல் மீனும், அப்பமும். மரணத்தை ஜெயித்து எழுந்தவர், ஆணி பாய்ந்த கைகளோடு, விடியற்காலையில் உட்கார்ந்து தம்முடைய பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு தயார் செய்திருக்கிறார்! "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார். அவர்கள் சாப்பிட்டு முடித்த பின்புதான் பேதுருவிடம், "நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா" என்ற கேள்வி. அந்த வரிசையைப் பார். முதலில் வயிறு, அப்புறம் கணக்கு. சூரைச்செடியின் கீழ் சாகலாம் என்று படுத்துவிட்ட எலியாவுக்கும் தேவதூதன் முதலில் சொன்னது, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்பதுதான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டு, தூங்கி, மறுபடி சாப்பிட்ட பிறகே பிரயாணம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சீஷர்கள் கரைக்கு வரும் முன்னமே அவரிடம் மீன் இருக்கிறது. 153 மீன் அவர்கள் வலையில் இருந்தாலும் அவருக்கு அது தேவையில்லை. ஆனாலும், நீங்கள் இப்போது பிடித்ததிலும் சிலதைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டு வாங்குகிறார். நம்மிடம் இருப்பது அவருக்குத் தேவையில்லாமலேயே அவர் கேட்கிறார். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது.

விளை விஷயம் இன்னும் தீரவில்லை. பத்திரத்தைப் பிரித்துப் பேசினோம், அவன் சொன்னதில் சிலதை நான் ஏற்கவில்லை, நான் சொன்னதில் சிலதை அவன் ஏற்கவில்லை. ஆனால் போன ஞாயிறு மதினியையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

இப்போது உன் காரியம். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய், எதிர்ஃபிளாட்டில் தனியாக இருக்கும் அந்த வயசான அம்மாவுக்கு மத்தியானம் ரசமும் சோறும் கொடுத்தனுப்புகிறேன் என்று. கர்த்தருக்கென்று ஒன்றும் செய்யவில்லை என்று எழுதின அதே கையால் இதையும் எழுதியிருக்கிறாய்! அதைத் தொடர்ந்து செய். ஆனால் ஒரு வார்த்தை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. சாப்பாட்டுப் பாத்திரத்தோடு சுவிசேஷக் கைப்பிரதியையும் வைத்து அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். பசித்தவருக்குக் கொடுக்கும் சோறு தூண்டில் ஆகிவிடக் கூடாது. அவர்களாகக் கேட்கிற நாள் வந்தால் நம்முடைய நம்பிக்கையைச் சொல். கேட்காவிட்டாலும் ரசத்தை நிறுத்தாதே. இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

முந்திரிக்கொத்துக்கு அளவு கேட்டிருந்தாய். சிறுபயறை வாசம் வரும்வரை வறுத்து, ரவை பதத்துக்கு உடைத்துக்கொள். ரொம்ப மாவாக்கிவிடாதே. தேங்காய்த் துருவலை ஈரம் போகப் பொன்னிறமாக வறுத்துச் சேர். பாகுக்கு உடன்குடிக் கருப்பட்டிதான் நல்லது. பாகை முற்ற விடாதே, முற்றினால் உருண்டை கல்லாகிவிடும். சூடு தாங்கும்போதே உருட்டி ஆறவிட்டு, மஞ்சள்தூளும் உப்பும் போட்ட பச்சரிசி மாவில் முக்கி, மூன்று மூன்றாக எண்ணெயில் போடு. நின்றுகொண்டு செய்யாதே, ஸ்டூலைப் போட்டு உட்கார். கருப்பட்டி அங்கே கலப்படமாகத்தான் கிடைக்கும், பெரியவன் அந்தப் பக்கம் வரும்போது ஒரு சிப்பம் கொடுத்தனுப்புகிறேன். அண்ணாச்சி கண்ணில் படாமல் வை.

கோவிலில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு இந்த வருஷமாவது வந்துவிடுங்கள். முதல்நாள் ராத்திரி கத்தரிக்காய் நறுக்க உட்காரும் கூட்டத்தில் உனக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன், தரையில் உட்கார வேண்டாம். தம்பி மகளுக்கு வரன் பார்க்கிறார்கள், அதற்காகவும் பாகம் சமாதானமாக முடிவதற்காகவும் ஜெபித்துக்கொள். உன் கால்வலிக்காகவும், சின்னவன் வேலைக்காகவும் நானும் அத்தையும் தினமும் ஜெபிக்கிறோம்.

அண்ணாச்சிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தங்கள். பதில் போடு.

கிறிஸ்துவுக்குள்,
உன் ஹாஸ்டல் தோழி